மேஸ்திரியைத் தடுக்கும் மாத்திரை

பெரியப்பாவுக்கு மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய். வைத்தியம் பாண்டியில் நடக்கிறது. முதல் மாத மருந்தோடு அவர் திருப்பாப்புலியூர் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே வீட்டில் கலவரம் ஆரம்பித்துவிட்டது. மருந்துப் பெட்டியின் மேல் ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவும் கூடாது, கையில் எடுக்கவும் கூடாது. அண்ணிக்கு அப்போது இரண்டாவது மாதம்.

எதிர்வீட்டு அக்கா, "அது ஜீனையே மாத்திடுற கெமிக்கலாம், அவர் இருக்குற ரூமுக்குள்ளயே போகாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஹார்மோன் மருந்து என்றான். பெரியம்மா இரண்டையும் நம்பினார். அண்ணியை நெய்வேலியில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பப் பையில் துணி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுப்பவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

ஜீனை மாற்றுவது, ஹார்மோன், விஷம், புற்றுநோய் மருந்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோம். அந்த மாத்திரை உண்மையில் தொடுவது வேறொரு இடத்தை. அங்கே போய்ச் சேர, முதலில் ஒரு வீடு கட்ட வேண்டும். சரி, அஸ்திவாரத்திலிருந்து வருவோம்.

பிளான் ஒன்றுதான், ஆனால் யார் படிப்பது?

நம் உடம்பில் கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரலில் இருக்கும் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. டிஎன்ஏ என்பது உடம்பின் முழு பிளான். அதில் ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிதான் ஜீன், தமிழில் மரபணு. மனிதனுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. கண் செல் இதில் சில பக்கங்களைப் படிக்கிறது, கல்லீரல் செல் வேறு சில பக்கங்களைப் படிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிளான் ஒரு மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. கொத்தனார் இருக்கிறார், கம்பி கட்டுகிறவர் இருக்கிறார், சித்தாள்கள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் மேஸ்திரி வந்து, "இன்னைக்கு வடக்குப் பக்கம் சென்ட்ரிங்" என்று சொல்லும்வரை யாரும் கரண்டியைத் தொடமாட்டார்கள். மேஸ்திரி ஒரு செங்கல்கூடத் தூக்குவதில்லை. பிளானில் சரியான இடத்தில் விரலை வைத்து, சரியான ஆட்களைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை.

செல்லுக்குள்ளும் இதேதான். மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். நகல் எடுக்கும் எந்திரம் ஆர்என்ஏ பாலிமரேஸ். அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. எந்த மரபணுவை எப்போது நகலெடுக்க வேண்டும் என்பது பாலிமரேஸுக்குத் தானாகத் தெரியாது. அதற்கென்று தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஒரு கையால் டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாலிமரேஸையும் அதன் உதவியாட்களையும் இழுத்து வரும் புரதங்கள். இவைதான் படியெடுத்தல் காரணிகள். மனிதனிடம் ஏறக்குறைய 1,600 வகை உண்டு. சில "ஆரம்பி" என்பவை, சில "நிறுத்து" என்பவை. இனி இந்தக் கட்டுரையில் சுருக்கமாகக் காரணி என்றே சொல்கிறேன்.

ஒரு காரணிக்கு எவ்வளவு அதிகாரம் என்று காட்ட என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1995-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங்கின் குழு, பழ ஈயில் கண்ணை உருவாக்கும் ஒரு காரணியைக் காலிலும் இறக்கையிலும் வேலை செய்ய வைத்தது. அங்கெல்லாம் கண் முளைத்தது! மேஸ்திரியை மொட்டைமாடியில் இறக்கிவிட்டால் அங்கேயும் ஒரு அடுப்படி கட்டிவிட்டுத்தான் கீழே வருவார் போலிருக்கிறது. அடுத்து அவர்கள் செய்தது இன்னும் வேடிக்கை. ஈயின் காரணிக்குப் பதில் எலியின் காரணியை வைத்துப் பார்த்தார்கள். கண் வந்தது, ஆனால் எலிக்கண் அல்ல, ஈயின் கண். வெளியூர் மேஸ்திரிதான், இருந்தாலும் உள்ளூர் கொத்தனார் உள்ளூர் பிளானைப் பார்த்துக் கட்டினால் உள்ளூர் வீடுதானே வரும்.

மனிதனிடமும் இந்தக் காரணி உண்டு. பெயர் பாக்ஸ்6. அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கண்ணின் கருவிழிப்படலம் (ஐரிஸ்) இல்லாமலோ அரைகுறையாகவோ குழந்தை பிறக்கலாம்.

இதுவரை வந்தது: டிஎன்ஏ பிளான், காரணி மேஸ்திரி. பிளானில் ஒரு எழுத்துகூட மாறாமலே, மேஸ்திரி இடம் மாறினாலும் வராமல் போனாலும் கட்டடம் மாறிவிடும்.

தளம் போடுகிற நாளில் அவர் வரவில்லை என்றால்

கருவில் உறுப்புகள் உருவாவதற்கு நாள் கணக்கு உண்டு. தளம் போடும் நாளில் மேஸ்திரி வராமல் போனால் அந்த வீட்டின் குறை ஆயுசுக்கும் இருக்கும். கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு அதே மேஸ்திரி ஒரு வாரம் வராவிட்டால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950-களில் செம்மறி ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. நெற்றிக்கு நடுவில் ஒரே கண். மேய்ப்பர்கள் பயந்துபோனார்கள். அரசு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அலைந்து, மலைப்பகுதியில் வளரும் ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எப்போது தின்றாலும் இப்படி ஆவதில்லை. சினையான 14-ஆம் நாளை ஒட்டித் தாய் ஆடு அதைத் தின்றால்தான் ஒற்றைக்கண். அதற்கு வெகு முன்போ பின்போ தின்ற ஆடுகளுக்கு இரண்டு கண்ணோடு குட்டி பிறந்தது. செடியிலிருந்த வேதிப்பொருளுக்கு, கிரேக்கக் கதைகளில் வரும் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனை நினைத்து, சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள்.

அது என்ன செய்தது? கருவில் முகமும் மூளையும் இடம் வலமாகப் பிரிய, ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை வேண்டும். அது செல்லின் மேல்சவ்வில் இருக்கும் ஸ்மூதண்ட் என்ற புரதம் வழியாக உள்ளே போய், ஜிஎல்ஐ என்ற காரணியை எழுப்புகிறது. சைக்ளோபமைன் ஸ்மூதண்டைப் போய் அடைத்துக்கொள்கிறது. அதனால் ஜிஎல்ஐக்குச் சேதி போய்ச் சேர்வதில்லை.

சைக்ளோபமைனையே காரணியின் தடுப்பான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தடுப்பான் என்றால், ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்தும் வேதிப்பொருள். சைக்ளோபமைன் ஜிஎல்ஐயைத் தொடுவதே இல்லை. மேஸ்திரி நல்லபடியாக வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு வரும் போன் லைனை யாரோ அறுத்துவிட்டார்கள். ஜிஎல்ஐயையே குறிவைக்கும் வேதிப்பொருள்களும் ஆய்வகத்தில் உண்டு. 2007-ல் வெளிவந்த கான்ட்61 அப்படி ஒன்று. அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

முடிந்த வீட்டுக்கு அவர் ஏன் திரும்பி வருகிறார்?

வளர்ந்த உடம்பில் கருவளர்ச்சிக் காரணிகள் பலவும் ஓய்வில் போய்விடும். சில மட்டும் தோல், ரத்தம், குடல் என்று நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய இடங்களில் மராமத்து வேலை பார்க்கும்.

புற்றுநோயில் நடப்பது இதுதான்: ஓய்வில் இருந்தவரோ மராமத்து பார்த்தவரோ திடீரென்று முழுச் சம்பளத்தோடு திரும்பி வருகிறார். குடியிருக்கிற வீட்டில் மறுபடி சுவர் எழுப்புகிறார். யார் சொன்னாலும் நிறுத்துவதில்லை. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயில் ஜிஎல்ஐ இப்படி ஓயாமல் வேலை செய்கிறது. கருவில் வேலை முடித்து ஒதுங்க வேண்டிய சால்4 என்ற காரணி, சிலருடைய கல்லீரல் புற்றுநோயில் மறுபடி தலைகாட்டுகிறது.

அப்படியானால் ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கெடுத்த வழியையே தோல் கட்டிக்கு எதிராகத் திருப்பலாமே? திருப்பினார்கள். ஸ்மூதண்டை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பெட்டியிலும் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை பெரிதாகவே இருக்கும். கருவுக்கு விஷமாவதும் பெரியவருக்கு மருந்தாவதும் அதே குணத்தால்தான்.

சுருக்கிச் சொன்னால், ஒரு காரணியைத் தடுப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, அந்த நேரத்தில் அந்த உடம்பில் அந்தக் காரணிக்கு என்ன வேலை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

சொறிமீனை எங்கே பிடிப்பது?

1,600 காரணிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை நேராகப் பிடிக்கும் மருந்துகள் மிகக் குறைவு. ஏன்?

தேவனாம்பட்டினம் கரையில் மீன் இறக்கும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய மீன் என்றால் செவுளுக்குள் விரலைவிட்டு அனாயாசமாகத் தூக்குவார்கள். வலையில் வந்த சொறிமீனை, அதாவது ஜெல்லி மீனை, அப்படித் தூக்க முடியாது. எங்கே பிடித்தாலும் வழுக்கும், பிடிக்க ஒரு பள்ளம் கிடையாது. மருந்து மூலக்கூறுகள் பெரும்பாலும் சின்னவை. ஒரு புரதத்தில் குழி இருந்தால் அதில் போய் உட்காரும். நொதிகளுக்கு அப்படிப்பட்ட குழிகள் இயற்கையிலேயே உண்டு, மீனுக்குச் செவுள் மாதிரி. காரணிகளிலோ டிஎன்ஏவைப் பிடிக்கும் பக்கம் பெரும்பாலும் பரந்து கிடக்கிறது, ஆட்களைக் கூப்பிடும் கை நிலையான வடிவமே இல்லாமல் நெளிகிறது. போதாக்குறைக்கு ஒரே குடும்பத்துக் காரணிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஒன்றுக்கு வைத்த குறி பத்தின் மேல் படும்.

விதிவிலக்குகள் உண்டு. ஹார்மோனை ஏந்தும் காரணிகளுக்கு, ஹார்மோன் வந்து உட்காரவென்றே குழி இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் அந்தக் குழியில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. அண்ணன் பார்த்த வீடியோ இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பாவின் மருந்து இந்த வகையில்லை.

இன்னொரு விதிவிலக்கு எச்ஐஎஃப்-2 ஆல்ஃபா. ஆக்சிஜன் குறையும்போது விழித்துக்கொள்ளும் காரணி இது, கருவின் வளர்ச்சிக்கும் தேவைப்படுகிறது. தனியாக வேலை செய்யாது, ஜோடி சேர்ந்தால்தான் டிஎன்ஏவைப் பிடிக்கும். இதன் உள்ளே யாரும் எதிர்பாராத ஒரு குழி இருப்பதை டெக்சஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதில் ஒரு வேதிப்பொருளைச் செருகினால் வடிவம் லேசாகக் கோணுகிறது, ஜோடி பிரிகிறது. அந்த வழியில் வந்த பெல்சூட்டிஃபானுக்கு 2021-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வான் ஹிப்பெல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் வரும் சிறுநீரகக் கட்டி போன்றவற்றுக்கு அது.

இத்தகைய வேதிப்பொருள்கள் கருவை என்ன செய்யும் என்று சோதிக்க ஆய்வகங்கள் நாடும் உயிரினங்களில் ஒன்றை நீங்களே பார்த்திருக்கலாம். பாண்டியில் கலர் மீன் கடைத் தொட்டிகளில் நீலக்கோடு போட்டுக்கொண்டு ஓடும் சின்ன வரிக்குதிரை மீன். தெற்காசிய ஆறுகள்தான் அதன் பூர்வீகம். முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே நாளில் தலையும் கண்ணும் தெரியத் தொடங்கிவிடும். வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்துவிட்டு, எந்த உறுப்பு தடுமாறுகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

பெரியப்பாவின் மாத்திரை

இப்போது வீட்டுக்கு வருவோம். அவர் சாப்பிடுவது லெனலிடோமைடு. அதன் அண்ணன் பெயரைக் கேட்டால் பலருக்கும் பகீர் என்கும்: தாலிடமைடு.

தாலிடமைடு 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்தது. மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கை கால் வளராமல், தோளிலிருந்தே விரல் முளைத்ததுபோல் குழந்தைகள் பிறந்தன. 1961-ன் கடைசியில் விற்பனையை நிறுத்துவதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மருந்து அனுமதி அலுவலகத்தில் இருந்த ஃபிரான்சிஸ் கெல்சி, தந்த சான்றுகள் போதாது என்று கையெழுத்துப் போட மறுத்ததால் அங்கே அது கடைக்கே வரவில்லை. கருவுற்ற 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள்வரைதான் மிக ஆபத்தான காலம். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகத் தெரியாத நாட்கள் அவை.

எப்படிக் கெடுத்தது என்பது அரை நூற்றாண்டு தெரியவில்லை. 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தாலிடமைடு செரப்லான் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று காட்டினார்கள். செரப்லான் செல்லின் துப்புரவுப் பிரிவைச் சேர்ந்தது. தேவையில்லாத புரதத்தின் மேல் "குப்பை" என்று சீட்டு ஒட்டுவது அந்தப் பிரிவின் வேலை. சீட்டு விழுந்த புரதத்தைச் செல் அரைத்துவிடும். தாலிடமைடு ஒட்டியதும் செரப்லானின் முகம் கொஞ்சம் மாறுகிறது. வழக்கமாக அது கண்டுகொள்ளாத புரதங்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அப்படி மாட்டிக்கொள்பவற்றில் ஒன்று சால்4 என்று 2018-ல் தெரிய வந்தது. மேலே கல்லீரல் புற்றுநோயில் பார்த்தோமே, அதே காரணிதான். கை வளர்வதற்கு அது வேண்டும். பிறவியிலேயே சால்4 மரபணு பழுதானவர்களுக்கு வரும் கைக்குறை, தாலிடமைடு குழந்தைகளின் குறையைப் போலவே இருக்கும். சால்4 தவிர வேறு சில காரணிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

சொறிமீனைக் கையால் பிடிக்க முடியவில்லை, சரி. ஆனால் அதன் முதுகில் குப்பைச் சீட்டை ஒட்டிவிட்டால் துப்புரவு ஆட்கள் தாங்களே வாரிக்கொண்டு போய்விடுவார்கள். பிடிக்கக் குழி தேவையில்லை. இந்த யோசனையை வேண்டுமென்றே செய்து பார்க்கும் மருந்துகள் இன்று ஏராளமாகச் சோதனையில் இருக்கின்றன. தற்செயலாக வந்த ஒரு பேரழிவு ஒரு முழு மருந்தியல் கிளைக்கு வழிகாட்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

எலியிடம் தாலிடமைடு ஏன் இந்தக் கைக்குறையைக் காட்டவில்லை என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. எலியின் செரப்லான் நம்முடையதிலிருந்து நுணுக்கமாக வேறுபடுகிறது, சீட்டு சரியாக விழுவதில்லை.

மைலோமா செல்கள் உயிரோடிருக்க ஐகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு காரணிகளை நம்பியிருக்கின்றன. ரத்த அணுக்களின் வளர்ச்சியை நடத்தும் மேஸ்திரிகள் அவர்கள். லெனலிடோமைடு செரப்லானில் ஒட்டி, இந்த இரண்டின் மேலும் சீட்டு விழ வைக்கிறது. காரணிகள் போய்விட்டால் புற்றுநோய்ச் செல் தடுமாறிச் சாகிறது. பெரியப்பாவின் உடம்பில் புதிதாகக் கை கால் வளரப்போவதில்லை, அதனால் சால்4 குறைந்தாலும் அவருக்குப் பாதகமில்லை. ரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி பரிசோதனை செய்கிறார்கள். அண்ணியின் வயிற்றில் இருந்த கருவுக்கோ அது தளம் போடும் வாரம்.

அப்போ ஜீன் மாறுமா?

மாறாது. இந்த மருந்து பிளானைத் தொடுவதில்லை, மேஸ்திரியைத்தான் அனுப்பிவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் செல் அந்தப் புரதத்தை மறுபடி செய்துகொள்ளும். டிஎன்ஏவின் எழுத்தே மாறுவதற்குப் பிறழ்வு என்று பெயர், அது வேறு விஷயம்.

தடுத்தால் மட்டும்தான் கேடு என்றும் நினைத்துவிட வேண்டாம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, உடம்புக்குள் வைட்டமின் ஏ-யின் வழியில் போய்ச் சில காரணிகளைத் தேவைக்கு மேல் தூண்டிவிடுகிறது. அதுவும் கருவுக்குக் கடும் ஆபத்து. மேஸ்திரி வராமல் இருப்பதும் ராத்திரி பகலாகக் கத்திக்கொண்டே இருப்பதும் கட்டடத்துக்கு ஒன்றுதான். மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கேட்டு வாங்கும் என் மாணவிகளிடம் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவிடுவேன்.

அண்ணி நெய்வேலிக்குப் போகவில்லை. மருத்துவர் சொன்னபடி, மாத்திரையைப் பெரியம்மாவே எடுத்துக் கொடுக்கிறார். கேப்ஸ்யூலைப் பிரிப்பதோ உடைப்பதோ கிடையாது. டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அண்ணி அதே கூடத்தில் பெரியப்பாவோடு உட்கார்ந்துதான் சீரியல் பார்க்கிறாள். எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "பேரன் பேத்தி வரைக்கும் வருமாமே?" என்று கேட்டார். தாலிடமைடால் கைக்குறையோடு பிறந்தவர்கள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றேன். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. பிளான் அப்படியேதான் இருந்தது.